இத்தாலியன் படிக்க இத்தாலிக்கு வரும் கொங்குப் பிள்ளைகளுக்கு

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கமிருந்து இங்கே வரும் பிள்ளைகளில் நான் பார்த்தவர்கள் பெரும்பாலும் இன்ஜினியரிங்கோ பிசினஸோ ஆங்கிலத்தில் படிக்க வந்தவர்கள். கன்சல்டன்சிகள் சொல்லிக்கொடுப்பதும் அவர்களுக்கான கணக்குத்தான். நீங்கள் இத்தாலியன் மொழியையே பாடமாக எடுத்தவர்கள், உங்கள் கணக்கு வேறு. ஊர், அறை, கூட இருப்பவர்கள் என்று எதை முடிவு செய்தாலும், அது உங்களை இத்தாலியனில் பேச வைக்குமா என்று முதலில் பாருங்கள். கோபிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டெல்லிப் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே இத்தாலியன் பி.ஏ. முடித்துப் பெருஜாவுக்கு வந்த நான் இதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

ஊரிலிருந்து தொடங்குவோம். மிலானும் ரோமும் எல்லோரும் கேள்விப்பட்ட பெயர்கள். ஆனால் அங்கே நீங்கள் ஒரு வாக்கியத்தில் தடுமாறினால் கடைக்காரர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். சின்ன ஊரில் அவருக்கும் வேறு வழியில்லை, உங்களுக்கும் வேறு வழியில்லை. வெளிநாட்டவருக்கு மொழி சொல்லித்தரவென்றே பேர்பெற்ற இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் பெருஜாவிலும் சியெனாவிலும் இருக்கின்றன. பெருஜா தரும் மொழிச் சான்றிதழ் செலி, சியெனா தருவது சில்ஸ். இரண்டிலும் தொடக்கநிலையான ஏ1 முதல் உச்சமான சி2 வரை ஆறு படிகள். இத்தாலியன் வழியில் பட்டப்படிப்பு சேர வழக்கமாக பி2 கேட்பார்கள். ஆனால் பேராசிரியர் வேகமாகப் பேசும் இலக்கிய வகுப்பு காதில் ஏற சி1 இருந்தால்தான் நல்லது.

சியெனாவில் தெருப்பேச்சில் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே வரும் 'க', 'ஹ' ஆகிவிடும். வீட்டைக் குறிக்கும் 'லா காஸா', 'லா ஹாஸா' என்று கேட்கும். புத்தகத் தமிழ் மட்டும் படித்த ஒருவர் பொள்ளாச்சிச் சந்தையில் வந்து நிற்பது போலத்தான் இருக்கும். ஒரு மாதத்தில் பழகிவிடும். தமிழ் முகமே இல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றுகிறவர்கள் சிசிலியில் உள்ள பலேர்மோவை யோசிக்கலாம். இலங்கைத் தமிழர்கள் வெகு காலமாகக் குடியிருக்கும் ஊர். நாம் மருதமலை ஏறுவது போல, அங்குள்ள இந்துக்களும் மோந்தே பெல்லெக்ரினோ மலையேறிப் புனித ரொசாலியாவைக் கும்பிட்டு வருகிறார்கள்.

காகிதங்களில் என்னை அதிகம் படுத்தியது பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப்பெயர் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'எம். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் முத்துசாமி', டிகிரியில் 'முத்துசாமி கார்த்திக்' என்று இருந்தால் நமக்கு அது ஒரே ஆள். இத்தாலிய அலுவலகத்துக்கு மூன்று பேர். இங்கே வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, சிம் கார்டு எல்லாவற்றுக்கும் கோதிச்சே ஃபிஸ்காலே என்ற வரி எண் வேண்டும். வரி அலுவலகத்தில் இலவசமாகவே தருவார்கள். எழுத்தும் இலக்கமுமாகப் பதினாறு இடம் உள்ள அந்த எண்ணில் முதல் மூன்று எழுத்து குடும்பப்பெயரிலிருந்து வரும், அடுத்த மூன்று நம் பெயரிலிருந்து வரும். இரண்டும் இடம் மாறினால் எண்ணே மாறிவிடும். எனக்கு ஓரிடத்தில் அப்பா பெயரும் இன்னோரிடத்தில் என் பெயரும் குடும்பப்பெயராகப் பதிவாகிவிட்டது. அதைச் சரிசெய்து வங்கிக் கணக்குத் திறக்க ஆறு வாரம் அலைந்தேன். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், எந்த விண்ணப்பமும் தொடங்கும் முன்பே அதை நிரப்பி வாங்கிவிடுங்கள்.

உதவித்தொகை வேண்டுமென்றாலும் ஊரில் இருக்கும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு மாநிலமும் குடும்ப வசதியைப் பார்த்துத் தரும் உதவித்தொகையை இங்கே டிஎஸ்யூ என்பார்கள். வருமானச் சான்று, குடும்ப உறுப்பினர் சான்று, பேங்க் இருப்பு, சொந்த வீடு இருந்தால் அதன் பரப்பளவு சதுர மீட்டரில், எல்லாம் கேட்பார்கள். நம் ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக இந்திய வெளியுறவு அமைச்சகம் போடும் அப்போஸ்டில் முத்திரையும் இத்தாலியன் மொழிபெயர்ப்பும் சேர வேண்டும். நம் பக்கத்தில் வீடு இன்னும் அப்பாரு பெயரிலேயே இருக்கும், பெரியப்பா சித்தப்பாவுக்கும் அதில் பங்கு இருக்கும். அதைத் தாளில் தெளிவாக்க நாள் பிடிக்கும். வகுப்பு செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ தொடங்கும். அதனால் தைப்பொங்கல் முடிந்த கையோடு தாசில்தார் அலுவலகப் படியேறிவிடுங்கள். பட்டப்படிப்புக்கு யூனிவர்சிட்டாலி என்ற இத்தாலிய அரசு இணையதளத்தில் முன்பதிவு முடிந்தால்தான் விசாவுக்குப் போக முடியும். இத்தாலிய வெளியுறவு அமைச்சகமும் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. அதில் மொழி வகுப்புகளுக்கும் இடம் உண்டு, விட்டுவிடாதீர்கள்.

பெட்டியில் நெய் வேண்டாம். பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், காயவைத்துப் பொடியாக்கிக்கொள்ளுங்கள். ரசத்துக்குச் செலவுப் பொடி, கொஞ்சம் கொள்ளு, ஒரு கிலோ துவரம்பருப்பு போதும். ரிசொத்தோ என்ற சோற்று வகைக்கு விற்கும் இத்தாலிய அரிசி குழைந்துதான் வரும், ஆனால் அரிசிம்பருப்புச் சோற்றுக்கு அது நன்றாகவே ஒத்துப்போகிறது.

வந்து இறங்கிய எட்டு வேலை நாட்களுக்குள் பெர்மெஸ்ஸோ தி சோஜோர்னோ என்ற தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிற எல்லோருக்கும் இது உண்டு. தபால் நிலையத்தில் ஸ்போர்தெல்லோ அமீக்கோ என்று எழுதிய கவுண்டரில் 'கிட்' என்று கேட்டால் படிவ உறையைத் தருவார்கள். 'டி' எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் படிவத்தில் ஒட்டும் 16 யூரோ வரி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பேருந்து டிக்கெட்டும் அங்கேயே கிடைக்கும். ஓராண்டு வரைக்கான அனுமதி என்றால் அட்டைக்கு 30.46, கட்டணம் 40, தபாலுக்கு 30 என்று நான் கட்டினேன், முத்திரையோடு 116.46 யூரோ ஆயிற்று. உறையை ஒட்டாமல் கொண்டுபோங்கள், அவர்கள் பார்த்துத்தான் வாங்குவார்கள். பிறகு க்வெஸ்தூரா என்ற போலீஸ் அலுவலகத்தில் கைரேகை கொடுக்க ஒரு நாள் குறித்துத் தருவார்கள். அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அந்தத் தபால் ரசீதுதான் உங்கள் ஆதாரம், பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள்.

இந்தக் கவுண்டர்களில் ஆங்கிலம் தெரிந்த நண்பரைக் கூட்டிப்போகாமல் நீங்களே பேசுங்கள். முதலில் 'புவோன்ஜோர்னோ', அப்புறம்தான் கேள்வி. மரியாதைக்கு இங்கே 'லேய்' என்பார்கள். 'அவள்' என்ற அதே சொல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'நீங்கள்' ஆகிறது. மற்ற நாட்டு மாணவர்கள் இதை மறந்து அதிகாரியை 'நீ' போட்டுப் பேசிவிடுவார்கள். சின்னப் பிள்ளையையும் 'வாங்க கண்ணு' என்று கூப்பிட்டு, பேச்சுக்குப் பேச்சு 'ங்க' சேர்த்து வளர்ந்தவர்களுக்கு லேய் சீக்கிரம் நாக்கில் உட்காரும். வீட்டுக்கார அம்மா 'து' (நீ) என்றே கூப்பிடு என்று சொல்லும்வரை அதை விடாதீர்கள்.

இரட்டை ஒற்றும் நமக்குக் கைகொடுக்கும். 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னோ' என்றால் தாத்தா. 'காஸா' வீடு, 'காஸ்ஸா' பணம் கட்டும் கவுண்டர். படு, பட்டு என்று பிரித்துக் கேட்டுப் பழகிய காது இதைத் தவறவிடாது. இடறுவது வேறிடத்தில். நம் எழுத்தில் ப ஒன்றுதான். 'பாஸ்தா' என்று தமிழில் குறித்துவைத்தால் அது சாப்பாடா, 'போதும்' என்ற சொல்லா என்று பிறகு தெரியாது. இத்தாலியன் சொற்களைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்கவே படிக்காதீர்கள்.

அறையை நேரில் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் அனுப்ப வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஹாஸ்டலில் தங்கித் தேடுங்கள். ஒப்பந்தம் பதிவானதாக இருக்கட்டும். இதைச் சொல்ல எனக்கே மனம் கஷ்டமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: முதல் வருடம் நம்மவர்களோடு ஒரே வீட்டில் தங்காதீர்கள். முதல் அரையாண்டு அப்படித் தங்கினேன், சோறும் பேச்சும் சுகமாக இருந்தது, என் இத்தாலியன் நகரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு சேர்ந்து சமையுங்கள், மற்ற நாட்களில் இத்தாலியர்களோடு இருங்கள்.

படிக்கும்போது வாரம் 20 மணி நேரம், ஆண்டுக்கு 1040 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அரசு மருத்துவத் திட்டத்தில் சேர மாணவர்களுக்கு 2024 முதல் ஆண்டுக்கு 700 யூரோ. அது ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கான பணம், அக்டோபரில் சேர்ந்தாலும் முழுதாகக் கட்ட வேண்டும். அதனால் டிசம்பர் வரை தனியார் காப்பீடு எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றால் ஜனவரியில் சேருங்கள்.

கடைசியாகப் பரீட்சை. இங்கே நிறையப் பாடங்களுக்கு வாய்மொழித் தேர்வுதான். பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்து, மற்ற மாணவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, இத்தாலியனில் விளக்க வேண்டும். பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய நமக்கு முதலில் கை நடுங்கும். முன்கூட்டியே போய் மற்றவர்களுடைய தேர்வைக் கேளுங்கள், அனுமதி உண்டு. 30க்கு 18 எடுத்தால் தேர்ச்சி. கிடைத்த மார்க் போதாது என்று தோன்றினால் அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு அடுத்த முறை திரும்பப் போகலாம். இதை ஊரில் இருக்கும்போதே அம்மாவிடம் சொல்லிவையுங்கள். '22 வந்துச்சுங்கம்மா, வேண்டாம்னு சொல்லிட்டேன்' என்று திடீரென்று போனில் கேட்டால் அவர் பதறிப்போவார்.