சிவப்பு விளக்கு சிகிச்சையா? முதலில் கண்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் சில வீடுகளுக்குள், உடம்பில் சிவப்பு ஒளி படவைக்கும் சிகிச்சை விளக்கு நுழைந்துவிட்டது. முகச் சுருக்கத்துக்கு மகள் வாங்கியதை முழங்கால் வலிக்கு அம்மா எடுத்துக்கொள்கிறார். இதில் புற ஊதாக் கதிர் இல்லை, அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் கண் விஷயத்தில் அலட்சியம் கூடாது.

பல விளக்குகளில் 630–660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்போடு 810–850 நானோமீட்டர் அகச்சிவப்பும் சேர்ந்திருக்கும். பின்னது நம் பார்வைக்கு அநேகமாகத் தெரியாது. தெரியாததால் கண் கூசாது, இமையும் தானாக மூடாது. "பல்பு எரியவில்லையே" என்று கிட்டே போய் உற்றுப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்! எரிகிறதா என்று பார்க்க, போனின் முன்பக்கக் கேமராவை விளக்கின் பக்கம் காட்டுங்கள். பல போன்களில் அந்தப் பல்பு வெளிர் ஊதாவாய் மின்னும். விளக்கோடு வரும் பாதுகாப்புக் கண்ணாடியைப் போடுங்கள். சாதாரண கூலிங் கிளாஸ் இதற்கு ஆகாது.

அப்புறம் மாத்திரை. பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, பருவுக்கு டாக்ஸிசைக்ளின் எடுப்பவர்களின் தோல் ஒளியைத் தாங்காமல் போகலாம். பெரும்பாலும் வெயில்தான் வில்லன், இருந்தாலும் பார்மசியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு விளக்கின் சூடு உறைக்காது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு எங்கே? முகத்தில் மங்கு இருந்தால் இன்னும் கருக்கலாம். உருவமோ நிறமோ மாறிவரும் மச்சத்தை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

கையேட்டில் 10 நிமிடம் என்றால் 10 நிமிடம்தான். நேரத்தைக் கூட்டினால் பலனும் கூடும் என்பதில்லை, சில சமயம் குறையவும் செய்யும்.