துணி காயவில்லையா, முதலில் காற்றைப் பாருங்கள்: லாண்டிரி டிரையர் சர்வீஸ்

ஹோட்டல், ஹாஸ்டல், மருத்துவமனை, தெருமுனை லாண்டிரி என எங்கிருந்து போன் வந்தாலும் புகார் ஒன்றுதான்: "ஹீட்டு பத்தல, துணி காய மாட்டேங்குது." உடனே பின்பக்கத் தகட்டைக் கழற்றி ஹீட்டரைத் தேடுவது வழக்கம். ஆனால் டிரையர் அடிப்படையில் ஒரு காற்று இயந்திரம். சூடான காற்று டிரம்முக்குள் வர வேண்டும், ஈரத்தைச் சுமந்த காற்று வெளியே போக வேண்டும். ஈரக்காற்று வெளியே போகாவிட்டால் எவ்வளவு சூடு கொடுத்தாலும் துணி வேகுமே தவிர காயாது. சூடு தங்குவது தீப்பிடிப்பதற்கும் ஒரு முக்கியக் காரணம். அதனால் காற்றைச் சரிபார்ப்பதும் பாதுகாப்பைச் சரிபார்ப்பதும் இந்த மெஷினில் ஒரே வேலை.

ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் தராசை எடுங்கள். உலர்ந்த டவல் 10 கிலோவை எடை போட்டு, துவைத்து, வாஷரின் எக்ஸ்ட்ராக்டரில் (தண்ணீரைப் பிழியும் சுழற்சியில்) சுற்றியபின் மறுபடி எடை போடுங்கள். 15 முதல் 16 கிலோ இருந்தால் டிரையரைப் பார்க்கலாம். 18 கிலோவைத் தாண்டினால் கோளாறு டிரையரில் இல்லை. வாஷரின் சுழல்வேகம் குறைந்திருக்கும், அல்லது வடிகால் அடைத்திருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க நடைமுறையில் ஏறக்குறைய 1 யூனிட் கரண்ட் ஆகும். வாஷர் விட்டுவைத்த 2 கிலோவுக்கு டிரையர் ஒவ்வொரு லோடுக்கும் 2 யூனிட் தண்டம் கட்டுகிறது.

கரண்ட்டையும் கேஸையும் நிறுத்துவது

சென்னையில் பலர் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்ட்டை நிறுத்தும் நாளில் டிரையரைத் திறக்கிறார்கள். வியாபாரம் கெடாது, நல்ல யோசனைதான். ஆனால் "இன்னிக்கு ஷட்டவுன்தானே" என்று ஐசொலேட்டரை, அதாவது மெஷினின் மெயின் சுவிட்சை, அணைக்காமலே கையை உள்ளே விட்டுவிடுகிறார்கள். கட்டடத்தில் தானாக ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டர் இருந்தால் சில விநாடிகளில் மூன்று ஃபேஸும் உயிரோடு வந்து நிற்கும். ஷட்டவுன் நாளானாலும் ஐசொலேட்டரை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே பையில் வைத்துக்கொள்ள வேண்டும். "ஆள் வேலை செய்கிறார், போடாதே" என்று அட்டையும் தொங்கட்டும்.

அடுத்து மீட்டர். முதலில் கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக்கில் வைத்து மீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு டிரையரின் டெர்மினலில் ஃபேஸுக்கு ஃபேஸ் மூன்று ஜோடி, ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரல், ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த். எல்லாம் பூஜ்யம் காட்டியபின் மீண்டும் அந்தப் பிளக்கில் வைத்து மீட்டர் நடுவில் சாகவில்லை என்று உறுதி செய்யுங்கள். விளக்கு எரியும் டெஸ்டரை மட்டும் நம்பி இந்த வேலை கூடாது. இன்வெர்ட்டர் டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி) உள்ள மெஷின் என்றால், கரண்ட்டை நிறுத்திய பிறகும் அதன் கப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் இருக்கும். டிரைவ் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள்.

கேஸ் மெஷினில் தனி வால்வையும் மூட வேண்டும். எதுவானாலும் உள்பகுதி ஆற அரை மணி நேரம் விடுங்கள்.

பஞ்சு போகும் வழியைப் பின்தொடருங்கள்

டிரம்மில் கிளம்பும் பஞ்சுத் தூசி ஃபில்டர் வலை, லிண்ட் அறை (பஞ்சு சேரும் பெட்டி), ப்ளோயர் (காற்றை இழுத்துத் தள்ளும் விசிறி), டக்ட் (காற்று வெளியேறும் குழாய்) வழியாக மொட்டை மாடிக்கோ வெளிச்சுவருக்கோ போகிறது. இதே வரிசையில் போய்ப் பாருங்கள், ஒன்றையும் தாண்டாதீர்கள்.

வலையை மூன்று நான்கு லோடுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். புது டவல் என்றால் ஒவ்வொரு லோடுக்கும். துடைத்தும் காற்று வரவில்லை என்றால் வலையைக் கழற்றி வாஷ்பேசினில் பிடித்து, ஒரு தம்ளர் தண்ணீரை அதன் மேல் மெல்ல ஊற்றுங்கள். தண்ணீர் உடனே ஒழுகிப்போனால் வலை நன்றாக இருக்கிறது. வாழை இலையில் நிற்பதுபோல் முத்து முத்தாக நின்றால், ஃபேப்ரிக் சாஃப்ட்னரும் எண்ணெயும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒவ்வொரு துளையையும் மூடியிருக்கிறது. பார்வைக்கு வலை பளிச்சென்று இருப்பதால் இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான பிரஷ் போதும். நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். வலையில் விரல் நுழையும் அளவு கிழிசல் இருந்தால் ஒட்டுப்போடாமல் புதிதாக மாற்றுங்கள். அந்த ஓட்டை வழியே போகும் பஞ்சுதான் ப்ளோயர் இறக்கையில் அப்பிக்கொண்டு, பேலன்ஸ் கெட்டு, மெஷினை ஆட்டுகிறது.

மெஷின் உள்ளும் பின்னும் மாதம் ஒருமுறை வேக்குவம் போட வேண்டும். கம்ப்ரஸர் காற்று அடிப்பது சுலபமாகத் தெரியும். ஆனால் இங்கே கிளம்பிய பஞ்சு பக்கத்தில் ஓடும் டிரையரின் பர்னரில் போய் உட்காரும். அறைக்குள் ஏர் அடிக்க வேண்டாம்.

டக்ட் உள்பக்கம் வழுவழுப்பான உலோகக் குழாயாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நெளிகுழாய் கூடவே கூடாது. இணைப்பில் ஸ்குரூ முனை உள்ளே நீட்டினால் அதில் பஞ்சு மாட்டி நாளடைவில் முடிச்சாகிவிடும்; வெளியே கிளாம்ப் போட்டு, சூடு தாங்கும் அலுமினியம் டேப் ஒட்டுங்கள். எவ்வளவு நீளம், எத்தனை வளைவு என்பது மேனுவலில் இருக்கும். ஒவ்வொரு வளைவையும் சில மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமாகக் கணக்கிட வேண்டும். டக்ட்டை ஃபால்ஸ் சீலிங்குக்குள் விட்டு முடிப்பதை மன்னிக்கவே முடியாது. மேலே பஞ்சும் ஈரமும் ஒயரிங்கும் ஒன்றாகக் கிடக்கும்.

வெளிமுனையில் புறா கூடு கட்டுகிறது என்று கொசுவலை அடிப்பார்கள். ஒரே வாரத்தில் அது பஞ்சுக் கம்பளியாகிவிடும். வலைக்குப் பதில் காற்று வரும்போது திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் மடல் போடுங்கள். மடல் துரு ஏறி இறுகாமல் இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம், ஈசிஆர் ஓரமெல்லாம் உப்புக்காற்று; மடலின் அச்சு இறுகுவது சாதாரணம். முனை வடகிழக்கைப் பார்த்தபடி இருந்தால் ஐப்பசி கார்த்திகையில் மழைக்காற்று நேராக உள்ளே தள்ளும். அந்த இரண்டு மாதம் மட்டும் "துணி காய மாட்டேங்குது" என்று புகார் வந்தால் முதலில் மாடிக்கு ஏறிப் பாருங்கள்.

வெளியே தள்ளும் அளவுக்குக் காற்று உள்ளேயும் வர வேண்டும். ஏசி போட்டுக் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்த அறையில் டிரையர் மூச்சுத் திணறும். ஒரு எளிய சோதனை: எல்லா டிரையரும் ஓடும்போது அறைக் கதவை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். கதவு தானாக உள்ளே இழுக்கப்பட்டால் அறைக்குக் காற்று பற்றவில்லை.

சுத்தமாக இருந்தும் காற்று குறைவா?

ப்ளோயர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். த்ரீ ஃபேஸில் இரண்டு ஒயர் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் ஓடும். கேபிள் மாற்றியபின், ஜெனரேட்டர் இணைத்தபின், மீட்டர் போர்டில் வேலை நடந்தபின் இது அடிக்கடி நடக்கும். ப்ளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே திசையில்தான் வரும், ஆனால் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். "காத்து வருதே சார்" என்று சொல்லி எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். உறை மேல் இருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். தவறு என்றால், ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, மெஷினுக்குள் வரும் மூன்று ஃபேஸ் ஒயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதும். ஈபியில் சரியாக ஓடி, ஜெனரேட்டரில் மட்டும் தலைகீழாக ஓடினால் ஜெனரேட்டர் பக்கம்தான் மாற்ற வேண்டும்.

சூடு: கரண்ட் மெஷின்

கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு ஃபேஸிலும் போடுங்கள். 18 கிலோவாட் ஹீட்டருக்கு 415 வோல்ட்டில் ஒவ்வொரு ஃபேஸிலும் 25 ஆம்ப் வர வேண்டும். மூன்றும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அந்த ஃபேஸில் காயில் போயிருக்கும், அல்லது கான்டாக்டர் (ஹீட்டருக்குக் கரண்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) முனை கருகியிருக்கும். காயிலைக் கழற்றி ஓம் பாருங்கள்: 230 வோல்ட், 3 கிலோவாட் காயில் 17.6 ஓம் அருகில் காட்டும். முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. பிறகு காயிலின் இரு ஒயரையும் பிரித்துவிட்டு, 500 வோல்ட் மெகரில் (மின்கசிவு பார்க்கும் மீட்டர்) காயிலுக்கும் உறைக்கும் நடுவே பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்தக் காயிலை மாட்டாதீர்கள். கருகிய டெர்மினலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓட்டுவது ஒரு வாரம்தான் தாங்கும். லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்), ஒயர் முனை இரண்டையும் மாற்றுங்கள்.

சூடு: கேஸ் மெஷின்

கேஸ் வால்வையும் பர்னரையும் பயிற்சி பெற்றவர்தான் தொட வேண்டும். மற்றவர்கள் பார்க்கக்கூடியது சுடர். நீலமாக, நிலையாக இருக்க வேண்டும். மஞ்சளாக நெளிந்தால் காற்று குறைவு, அல்லது பர்னரில் பஞ்சு.

ஹோட்டல் அடுப்புக்குப் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை டிரையருக்கு மாட்டுவது ஆபத்து. மெஷின் தகட்டில் எழுதிய அழுத்தம்தான் கணக்கு. எல்பிஜி டிரையர் பலவற்றில் அது 27 மில்லிபார் அளவில் இருக்கும். U வடிவக் கண்ணாடிக் குழாயில் (அழுத்தம் அளக்கும் மானோமீட்டர்) தண்ணீர் ஏறக்குறைய 28 செ.மீ. வித்தியாசம் காட்டும். 19 கிலோ சிலிண்டர் ஒன்றிலேயே பல டிரையரை ஓட்டினால் சிலிண்டர் மேல் வியர்த்து, பனி பிடித்து, சுடர் இறங்கிவிடும். கோளாறு டிரையரில் இல்லை. சிலிண்டர்களைச் சேர்த்து இணைக்க வேண்டும். எல்பிஜியிலிருந்து குழாய் எரிவாயுவுக்கு மாறினால் நாசிலும் மாற வேண்டும்.

கசிவை சோப்பு நுரையால் மட்டும் பாருங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம். தரையில் தேங்கும், பேஸ்மென்ட்டில் நிற்கும். கசிந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியேறி 1906க்குப் பேசுங்கள்.

டிரைகிளீனிங் மெஷின் இருக்கும் அறையிலிருந்து கேஸ் டிரையர் காற்றை இழுக்கக் கூடாது. டிரைகிளீனிங்கில் பயன்படும் பெர்குளோர் திரவத்தின் ஆவி சுடரில் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி பர்னரையும் டிரம்மையும் அரித்துவிடும்.

ஷார்ட் பண்ணிய சுவிட்ச்

காற்று குறைந்தால் ஹீட்டரை நிறுத்த ஒரு காற்றோட்ட சுவிட்ச் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் மெல்லிய தகடு, ஒரு சிறு அச்சில் ஆடும். ப்ளோயர் இழுத்தால் தகடு சாய்ந்து சுவிட்சை அழுத்தும். அச்சில் நான்கு நூல் பஞ்சு சுற்றினாலே தகடு பாதியில் நின்றுவிடும். பழைய பல்துலக்கும் பிரஷால் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம். அதற்குப் பதில் ஒரு துண்டு ஒயர் போட்டு ஷார்ட் பண்ணிவிட்டுப் போவார்கள். மெஷின் ஓடும், துணியும் காயும். பிறகு ஒருநாள் டக்ட் அடைக்கும்போது நிறுத்த ஆள் இருக்காது. பழைய மெஷினைக் கையில் எடுத்ததும் இந்த ஒயர் இருக்கிறதா என்று தேடுங்கள். சூடு அளவு மீறினால் ஹீட்டரை நிறுத்தும் ஹை லிமிட் தெர்மோஸ்டாட்டுக்கும் இதே கதி நேர்ந்திருக்கும். அது ஒருமுறை ட்ரிப் ஆனால் ரீசெட் பண்ணும் முன் காற்று வழியைப் பாருங்கள். மாற்றும்போது அதே டிகிரி எண் உள்ளதையே போடுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடையில் "இது பொருந்தும்" என்று கையில் தருவதை அல்ல.

கதவைத் திறந்தால் டிரம்மும் சூடும் நிற்க வேண்டும். தினமும் முதல் லோடில் பாருங்கள்.

பெல்ட், பேரிங், ஃபெல்ட்

பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால், இரு புல்லிக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு மீட்டருக்கும் 16 மி.மீ. அளவு இறங்கலாம், அரை மீட்டருக்கு 8 மி.மீ. ஜோடி பெல்ட்டை ஜோடியாகவே மாற்றுங்கள், ஒன்றிரண்டு நாள் ஓடியபின் மறுபடி இறுக்குங்கள். டிரம்மின் முன் விளிம்பைக் கையால் தூக்கிப் பார்த்து ஆட்டம் தெரிந்தால் பேரிங்கோ ஷாஃப்டோ தேய்ந்திருக்கிறது. சீல் பேரிங்குக்கு கிரீஸ் தேவையில்லை. கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருந்தால் மேனுவல் சொன்ன அளவு மட்டும்; வழிந்த கிரீஸில் பஞ்சு ஒட்டினால் அது திரிதான். டிரம் ஓரத்து ஃபெல்ட் (கம்பளிப் பட்டை) தேய்ந்தால் சட்டைப் பொத்தான் இடுக்கில் மாட்டும், சூடும் வெளியேறும்.

டிரம்முக்குள் போகக் கூடாதவை

பெட்ரோல் வாஷ் செய்த துணி, எம்டிஓ (மினரல் டர்பன்டைன் ஆயில்) வாசனை அடிக்கும் துணி எதுவும் சாதாரண டிரையருக்குள் போகக் கூடாது. ஃபோம், ரப்பர் மேட்டும் அப்படியே. பையில் லைட்டர், தீப்பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

மசாஜ் சென்டர் டவலும் சமையலறைத் துணியும் தனிக்கதை. நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஒரே துவைப்பில் முழுதாகப் போகாது. மிச்ச எண்ணெய் சூட்டில் காற்றோடு சேர்ந்து தானே மேலும் சூடேறும். சுடச்சுட மடித்துக் கூடையில் அடுக்கினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் நடுவிலிருந்து புகையும். சில மணி நேரம் கழித்து, கடை மூடியபின்கூட. இரண்டு முறை வெந்நீரில் துவையுங்கள், காய்ந்தபின் எண்ணெய் வாசனை அடித்தால் மறுபடி துவையுங்கள். கடைசிக் குளிர்விப்பு நிமிடங்களை அவசரத்துக்காக வெட்டாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் சூடான துணியை டிரம்மிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாமல் வெளியே எடுத்துப் பரப்புங்கள்.

ஆனால் உள்ளே புகையோ தீயோ தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்று கிடைத்து தீ எழும். கரண்ட்டையும் கேஸையும் நிறுத்தி, ஆட்களை வெளியேற்றி 101க்குப் பேசுங்கள். கையில் ஏபிசி பவுடர் அணைப்பான் இருந்தாலும், வெளியேறும் வழி உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் மட்டுமே பயன்படுத்துங்கள்.

மூடும் முன்

எல்லாத் தகட்டையும் மாட்டி, எர்த் ஒயரை இறுக்கி, பூட்டை எடுத்து காலியாகப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ப்ளோயர் திசை, மூன்று ஃபேஸ் ஆம்ப், டக்ட்டில் வெளியேறும் காற்றின் வெப்பநிலை பாருங்கள். பிறகு அந்த 10 கிலோ டவலையே போட்டுக் காய எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். தேதியோடு இந்த எண்களை ஒரு தாளில் எழுதி கன்ட்ரோல் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை நிமிடம் கூடி ஆம்ப் மாறாமல் இருந்தால் நேராக டக்ட்டுக்குப் போகலாம்.