பணிப்பாளரின் நாட்குறிப்பை எழுதுபவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு தேயிலைக் கம்பனியில் பிரத்தியேக உதவியாளராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வேலை பழக்கி வருகிறேன். கடந்த வாரம் ஒரு தங்கை எழுதிய நாட்குறிப்பைப் புரட்டியபோது, நான் சேர்ந்த வருடத்தில் செய்த அதே பிழை அதில் இருந்தது. எழுத்துப்பிழை, தாமதமாக வருவது போன்றவற்றை எவரும் சொல்லித் தருவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கூட்டத்தின் நேரத்தை மட்டும் எழுதுவது

"காலை 9.30 அலுவலகக் கூட்டம்", அதற்கு நேர் கீழே, "பிற்பகல் 2.00 கொழும்பு". கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் இரண்டு வரிகளுக்கும் இடையில், ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியிலுள்ள கினிகத்தேனையும் கித்துல்கலையும் அவிசாவளையும் கிடப்பதை அவர் நினைக்கவில்லை. வீதி சீராக இருந்தாலே ஏறக்குறைய 4 மணித்தியாலம் பிடிக்கும் பயணம் அது. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஒரு மண்சரிவோ முறிந்து விழுந்த மரமோ போதும், பாதி நாள் வீதியிலேயே கழிந்துவிடும்.

எனக்கு நேர்ந்தது ஒரு ஜூன் மாதத்தில். பத்தரை மணிக்குப் புறப்பட்ட பணிப்பாளர், கினிகத்தேனைக்கு அப்பால் வாகன வரிசையில் அகப்பட்டு, நான்கு மணிக்குக் கொழும்பை அடைந்தபோது கொள்வனவாளர் போய்விட்டிருந்தார். அந்த ஆண்டு அவர் எங்களிடம் தேயிலை வாங்கவே இல்லை. பணிப்பாளர் என்னை ஏசவில்லை. மறுநாள் காலை அந்தப் பக்கத்தைத் திறந்து என் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஆகவே, "கிலோமீற்றர் கணக்குப் பார்த்தேன், அக்கா" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. மலைப் பாதையை வளைவாலும் மழையாலும்தான் அளக்க வேண்டும்.

புறப்படும் நேரத்தை முதலில் எழுதுங்கள். பயணத்துக்கென்று தனி வரி ஒதுக்குங்கள். முதல் நாள் மாலையே சாரதியிடம் வீதி நிலவரத்தைக் கேட்டு, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். கொழும்பில் காலைக் கூட்டம் என்றால், முந்திய இரவு தங்குவதற்கான ஏற்பாட்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

"ஐயா வருவார்" என்று நீங்களே வாக்குக் கொடுப்பது

"கேட்டுச் சொல்கிறேன்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

போயா தினத்தைப் பார்க்காமல் திகதி கொடுப்பது

அது மாதந்தோறும் பௌர்ணமியன்று வரும் விடுமுறை.

அறைக்குள் கேட்டதை வெளியே சொல்வது

காலையில் அலுவலகத்தில் கசிந்த செய்தி, மாலை பஸ்ஸில் ஏறி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போய்விடும். பழகிய கிளாக்கர் ஐயா ஒருவர் தேநீர் குடித்தபடி, "தோட்டத் துரைக்கு மாற்றமாமே, பிள்ளை?" என்று வாஞ்சையோடுதான் கேட்பார். "பணிப்பாளரிடமே கேளுங்கள், ஐயா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, மேசையில் திறந்திருக்கும் கோவையை மூடிவிடுங்கள்.