பிரெஞ்சில் கேள்வி கேட்கிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

ஞாயிறு பின்னேரங்களில் பாரிஸுக்குப் புதிதாக வந்தவர்கள் சிலருக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். 2026 ஜனவரியில் இருந்து பத்து வருட வதிவிட அட்டையை முதல்முறை கேட்கும் பலரிடம் பி1 என்ற இடைநிலை மொழித்தகுதி எதிர்பார்க்கிறார்கள். அதனால் இப்போது கதிரை போதவில்லை.

போன கிழமை ஒரு தம்பி முகம் வாடி வந்தான். றெஸ்ரோரண்ட் முதலாளி அவனிடம் "த்யு த்ரவாய் பா தெமேன்?" என்று கேட்டிருக்கிறார். நாளைக்கு உனக்கு வேலை இல்லைத்தானே என்று அர்த்தம். இவன் "வுய்", அதாவது ஓம், என்று தலையாட்டிவிட்டு அடுத்த நாள் வீட்டில் படுத்துவிட்டான். முதலாளியோ அவன் வருவான் என்று இருந்திருக்கிறார். சிரிக்க முடியவில்லை. நானும் அதே பள்ளத்தில் விழுந்தவன். அந்தக் கதை கீழே வருகிறது.

"என்ன, எந்த" என்று கேட்கும் "கெல்" என்ற சொல்லின் ஆண்பால், பெண்பால் எழுத்துக்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. நான்கு விதமாக எழுதினாலும் காதுக்கு ஒரே "கெல்"தான்.

எஸ்கெ போட்டால் போதும்

நேரம் கேட்க மூன்று வழி இருக்கிறது. "வூஸாவே லெர்?" என்று குரலை உயர்த்திக் கேட்கலாம். முன்னால் எஸ்கெ என்ற கேள்விச் சொல்லைச் சேர்த்து "எஸ்கெ வூஸாவே லெர்?" எனலாம். வினையை முன்னே தூக்கி "அவே வூ லெர்?" எனலாம். ஏதாவது ஒன்று போதும். "எஸ்கெ அவே வூ" என்பது தமிழில் "வந்தியாவா?" என்று கேட்பதுபோல. கவுன்டரில் எஸ்கெ நல்லது. வினையை முன்னே தூக்குவதைக் கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கட பேர் என்ன?

"என்ன" என்றாலே "கெஸ்கெ" என்று பாடமாக்கியவர்கள் "கெஸ்கெ வோத்ர் நோன்?" என்கிறார்கள். கெஸ்கெக்குப் பின்னால் எழுவாயும் வினையும் வரவேண்டும்: "கெஸ்கெ வூ ஃபேத்?", என்ன செய்கிறீர்கள். பெயர், தொழில், முகவரி என்று தகவல் கேட்க "கெல் எ" தான்: "கெல் எ வோத்ர் நோன்?" டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில், தொடக்கநிலையான ஏ1 வாய்மொழித் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஒரு சொல் மட்டும் எழுதிய அட்டைகளைத் தருவார்கள். அதை வைத்துத் தேர்வாளரிடம் நீங்கள்தான் கேள்வி கேட்கவேண்டும். அங்கே இந்தப் பிழை பல்லிளிக்கும்.

"இல்லையா?" என்ற கேள்வி

இதைத்தான் எத்தனை தரம் சொன்னாலும் கேட்கிறார்கள் இல்லை.

அட்டை புதுப்பிக்கப் போயிருந்தேன். கவுன்டரில் இருந்த அம்மா என் தொசியேயை, பத்திரக் கோப்பை, புரட்டிவிட்டு, "வூஸாவே பா லாவி தெம்போசிசியோன்?" என்றார். வரிக் கடிதம் உங்களிடம் இல்லையா? கடிதம் பைக்குள் இருந்தது. எங்கட வாய்க்கு என்ன வரும்? "இல்லை இல்லை, இருக்கு." அதையே மொழிபெயர்த்து "நோன், நோன்" என்று சொல்லிக்கொண்டே பையைத் திறக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது தொசியே மூடியிருந்தது, அடுத்தவரின் இலக்கமும் கூப்பிட்டாயிற்று. மறு ரொந்தேவு, சந்திப்பு நேரம், இரண்டு மாதம் தள்ளி. கடிதம் என் கையிலேயே இருந்தது!

அந்த அம்மாவில் பிழை இல்லை. தமிழில் நாங்கள் கேட்பவரின் நினைப்புக்குப் பதில் சொல்கிறோம். "சாப்பிடேல்லையோ?" என்றால் "ஓம், சாப்பிடேல்லை" என்போம். நீ நினைத்தது சரி என்பதே அந்த "ஓம்". பிரெஞ்சுக்காரருக்கு நினைப்பு முக்கியமில்லை, நடப்புத்தான் கணக்கு. சாப்பிடவில்லை என்றால் "நோன்". சாப்பிட்டாயிற்று என்றால் "சி". "வுய்" சொல்ல அங்கே இடமே இல்லை. பாடப்புத்தகங்களில் இந்தச் "சி" ஒரு மூலையில் சின்னப் பெட்டிக்குள் கிடக்கும். எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

இன்னொரு வில்லங்கம். "இல்லை" என்பதற்கு வினைக்கு முன்னே "நெ", பின்னே "பா" என்று எழுதுவார்கள். பேச்சில் "நெ" விழுந்துவிடும், மிஞ்சுவது "பா" மட்டுமே. அந்த ஒரு எழுத்தைத் தவறவிட்டால் கேள்வியே தலைகீழ்.

நாங்கள் கேட்கும்போதும் இதே கரைச்சல். "பஸ் இங்க நிக்காதோ?" என்று எதிர்மறையில் கேட்பது எங்களுக்குப் பணிவு. அதை அப்படியே பிரெஞ்சில் கேட்டால், நிற்கும் என்பதற்கு "சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். "சி" என்பது "வந்தால்", "போனால்" என்பதில் வரும் "ஆல்" விகுதி போன்ற சொல் என்றும் படித்திருப்பதால், மிச்ச வசனம் வரும் என்று வாய்பார்த்து நிற்போம். லாச்சப்பல் பஸ் தரிப்பில் நான் நின்றிருக்கிறேன்.

ஆகவே "இல்லை" சேர்க்காமல் நேராகக் கேளுங்கள்: "எஸ்கெ லெ புஸ் ஸாரெத் இசி?" உங்களிடம் யாராவது "பா" போட்டுக் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள். "சி, ஜெ லே" என்று வினையையும் சேர்த்துச் சொல்லுங்கள், என்னிடம் இருக்கிறது என்று. முடிந்தால் கடிதத்தை முதலில் மேசையில் வையுங்கள், பிறகு வாயைத் திறக்கலாம். தலையை ஆட்டவே வேண்டாம். எங்கட தலையாட்டல் அவர்களுக்கு விளங்குவதில்லை.

விளங்காவிட்டால்

"குவா?" என்று வெறுமனே "என்ன?" கேட்க வேண்டாம். "பார்தோன்?", மன்னியுங்கள், என்று கேளுங்கள்.

போன்ஜூர்

எந்தக் கேள்விக்கும் முன்னால் இந்த வணக்கம். மறந்து கேட்டால் பதிலாகப் "போன்ஜூர்" என்பதுதான் வரும், கொஞ்சம் அழுத்தி.