தோட்டத்து ரயிலுக்கு நாமளே ஒரு இஞ்சின்: முதல்ல ஓடட்டும், அழகெல்லாம் அப்புறம்

தோட்டத்துல தண்டவாளம் போட்டாச்சு, கடையில வாங்குன இஞ்சின் ஒண்ணு சுத்திட்டும் இருக்கு, ஆனா நம்ம கையால செஞ்ச ஒண்ணு அதுல ஓடணும்னு ஆசை வந்துருச்சா, அப்போ இது உங்களுக்குத்தான். முதல் முயற்சிக்கு நீராவி வேண்டாம், வெளிய ராடும் வால்வ் கியருமா (நீராவி வால்வ ஆட்டற கம்பிங்க) இருக்குற பெரிய லோகோவும் வேண்டாம். நாலு சக்கர குட்டி இஞ்சின், உள்ள பேட்டரி, கையில ரிமோட். இவ்வளவு போதும்.

முதல்ல ஸ்கேல், இதுலதான் நிறைய பேர் குழம்புறாங்க. தோட்ட ரயில்ல கேஜ், அதாவது தண்டவாளத்தோட ரெண்டு கம்பிக்கும் நடுவுல இருக்குற அகலம், பெரும்பாலும் ரெண்டுதான், 32 மிமீ, 45 மிமீ. 45ல 1:22.5 ஸ்கேல் வெச்சா அது அசல்ல 1 மீட்டர் கேஜ், எல்ஜிபிங்கற ஜெர்மன் பிராண்ட் 1968ல கொண்டுவந்த ஜி ஸ்கேல் இதுதான். அதே 45ல 1:20.3 வெச்சா 3 அடி கேஜ். 32ல 1:19 வெச்சா 2 அடி கேஜ், இத 16 மிமீ ஸ்கேல்னும் சொல்வாங்க, அசல்ல ஒரு அடி நம்மகிட்ட 16 மிமீ, அதனால கணக்கு போடறது ரொம்ப லேசு. நான் இங்க 32 மிமீ, 1:19 வெச்சே சொல்றேன், நீங்க உங்க தண்டவாளத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க.

எந்த இஞ்சின செய்யறது? மோட்டார் ரெயில் கம்பெனியோட சிம்ப்ளெக்ஸ் நல்ல சாய்ஸ். முதல் உலகப்போர் சமயத்துல பிரிட்டிஷ் ராணுவத்தோட 600 மிமீ கேஜ் லைன்களுக்காக செஞ்சது, 20 குதிரைசக்தி, 40 குதிரைசக்தின்னு ரெண்டு வகை உண்டு. சின்னது, டப்பா மாதிரி இருக்கும், முக்கியமா ரெண்டு ஆக்ஸிலுக்கும் செயின்லதான் சக்தி போகும். அதாவது வெளிய சக்கரங்கள இணைக்கற கப்ளிங் ராட் கிடையாது, ரெண்டு பக்க கிராங்க்கையும் 90 டிகிரி வித்தியாசத்துல செட் பண்ற தலைவலியும் கிடையாது. டிராயிங் கிடைச்சா நல்லது, கிடைக்கலன்னா நேர் பக்கவாட்டுல எடுத்த போட்டோ ஒண்ணும் சக்கர விட்டம் மாதிரி தெரிஞ்ச ஒரே ஒரு அளவும் இருந்தா மத்தத அளந்து எடுத்துரலாம். அசல்ல 3 மீட்டர்னா நம்மளுது 158 மிமீ வரும். எடுத்த அளவ வெச்சு முதல்ல அட்டையில ஒரு டம்மி வெட்டி ஒட்டி தண்டவாளத்துல வெச்சுப் பாருங்க, பக்கத்துல 90 மிமீ உயரத்துல ஒரு அட்டை ஆள நிறுத்துங்க. கண்ணுக்குப் பொருந்தலன்னா அட்டையிலயே திருத்திக்கலாம், பித்தளைய வெட்டுனப்புறம் முடியாது.

சக்கரம், மோட்டார், கியர், செயின் இதெல்லாம் வாங்கிக்கங்க. லேத் இல்லாம சக்கரம் செய்யறேன்னு உக்காந்தா இஞ்சின் வரவே வராது, வாங்கிப் போட்டா யாரும் கேஸ் போடப் போறதில்ல. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி வேகத்த கணக்கு பண்ணுங்க, இத விட்டுட்டு பல பேர் இஞ்சினுக்கு பதிலா ராக்கெட் செஞ்சு வெச்சிருக்காங்க. அசல் சிம்ப்ளெக்ஸ் மணிக்கு 15 கிமீல போகுதுன்னு வெச்சுக்கங்க, வினாடிக்கு 4167 மிமீ, 19ல வகுத்தா 219 மிமீ. சக்கர விட்டம் 24 மிமீன்னா ஒரு சுத்துக்கு 75 மிமீ போகும், அப்போ சக்கரம் நிமிஷத்துக்கு 175 தடவ சுத்தினா போதும். உங்க மோட்டார் லோடுல 5000 சுத்து சுத்தும்னா கியர் 30க்கு 1 பக்கத்துல இருக்கணும். சந்தேகம் வந்தா கூடுதலா குறைக்கற கியரையே எடுங்க. மெதுவா ஊர்ந்து போற இஞ்சின்தான் பாக்க நிஜம் மாதிரி இருக்கும்.

இப்போ சேஸிஸ், அதாவது சக்கரத்தையும் மோட்டாரையும் தாங்கற அடிச்சட்டம். பாதிக்கு மேல வேலை இதுலதான், அதனால அவசரப்படாதீங்க. ரெண்டு பக்க ஃப்ரேமுக்கு 1.5 மிமீ பித்தளையோ ஸ்டீலோ போதும். ரெண்டு தகட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு ரெண்டு மூணு இடத்துல சால்டர் பண்ணி ஒட்டிட்டு, ஒரே தகடா நெனச்சு அறுத்து, அரம் போட்டு, ஆக்ஸில் ஓட்டையையும் ஒரே மூச்சுல டிரில் பண்ணுங்க, அப்புறம் சூடு காட்டி பிரிச்சுக்கலாம். இப்படி செஞ்சாத்தான் ரெண்டு பக்க ஓட்டையும் நேருக்கு நேர் நிக்கும். சென்டர் பன்ச்சால (கூர்முனைக் கம்பி) குறி அடிக்காம டிரில் வெக்காதீங்க, சின்ன பிட்ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா பெருசாக்குங்க, கடைசி அளவுக்கு ரீமர் (ஓட்டைய துல்லியமா சீவற கருவி) இருந்தா ரொம்ப நல்லது. ஓட்டையில பித்தளை புஷ் (ஆக்ஸில் உள்ள சுத்தற குட்டிக் குழாய்) போட்டுருங்க, வெறும் ஃப்ரேம்ல ஆக்ஸில் சுத்துனா கொஞ்ச நாள்ல ஓட்டை முட்டை ஷேப்புக்கு வந்துரும்.

32 மிமீ தண்டவாளத்துல ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உள்பக்க இடைவெளி சுமாரா 28 மிமீ இருக்கும், அதனால புஷ்ஷோட விளிம்பையும் சேத்து ஃப்ரேமோட மொத்த அகலம் 25ஐ தாண்டக் கூடாது. ரெண்டு பக்க தகடும் போக உள்ள உங்களுக்கு கிடைக்கறது 22 மிமீக்குள்ளதான். மோட்டார் தேடும்போது இந்த நம்பர் ஞாபகத்துல இருக்கட்டும். ரெண்டு ஃப்ரேமையும் ஸ்பேசர் வெச்சு முடுக்கும்போது தட்டையான கண்ணாடி மேல வெச்சு மூலமட்டம் பிடிச்சுப் பாருங்க, ஆக்ஸில் கம்பி ரெண்டையும் உள்ள விட்டு ஒண்ணுக்கொண்ணு சமமா நிக்குதான்னும் பாருங்க.

தோட்டத்து தண்டவாளம் என்னைக்குமே மட்டமா இருக்காது, மழை பெஞ்சா ஒரு பக்கம் இறங்கும், வேர் வந்தா ஒரு பக்கம் தூக்கும். நாலு சக்கரமும் விறைப்பா இருந்தா எப்பவும் ஒண்ணு அந்தரத்துல நிக்கும், வளைவுல தடம் புரளும். இதுக்கு தீர்வு, முன் ஆக்ஸில அப்படியே ஃபிக்ஸ் பண்ணிட்டு பின் ஆக்ஸில் ஓட்டைய மட்டும் மேலயும் கீழயும் ஒரு மிமீ நீட்டி விட்டுருங்க (இந்த ஆக்ஸிலுக்கு மட்டும் புஷ்ஷுக்கு பதிலா சின்ன பித்தளை பிளாக் மேல கீழ வழுக்கற மாதிரி), ஆக்ஸிலோட நடுவுல மேல ஒரு ஸ்க்ரூ முனை வந்து உக்காரட்டும். பின் பாரம் முழுக்க அந்த ஒரு புள்ளியில இறங்கும், ஆக்ஸில் இடமும் வலமும் ஆடிக்கும். முக்காலி ஆடாதுல்ல, அதே கதைதான். மோட்டார, ஃபிக்ஸ் பண்ணுன முன் ஆக்ஸிலோட சேருங்க, அங்கிருந்து செயின் பின்னாடி போகட்டும், செயின்ல கொஞ்சம் தொய்வு இருந்தா அந்த ஆட்டத்த தாங்கிக்கும்.

வார்மும் (மோட்டார் தண்டுல இருக்குற திருகு மாதிரி பல்லு) கியரும் சேர்ற இடத்துல மெல்லிசு பேப்பர் துண்டு ஒண்ண நடுவுல வெச்சு அழுத்தி மோட்டார் ஸ்க்ரூவ முடுக்குங்க, பேப்பர உருவுனா சரியான இடைவெளி கிடைக்கும். ரொம்ப இறுக்கினா சத்தமும் வரும், கரண்டும் கூட இழுக்கும். அதுக்கு முன்னாடி, மோட்டார் மாட்டாத வெறும் சேஸிஸ லேசா சாய்ச்ச பலகையில விட்டா தானா உருண்டு போகணும். உருளலன்னா மோட்டார் போட்டு சரியாயிரும்னு நினைக்காதீங்க, எங்க பிடிக்குதுன்னு கண்டுபிடிச்சுட்டு தான் அடுத்த வேலை. நீங்க பாடிக்கு எவ்வளவு ரிவெட் வெச்சாலும் சேஸிஸ் இழுத்து இழுத்து ஓடுனா அந்த இஞ்சின் அலமாரிக்குத்தான் போகும்.

கரண்ட் விஷயம். தண்டவாளத்துல கரண்ட் விட்டு ஓட்டலாம் தான், ஆனா வெளிய பித்தளை ரெயில் கருத்துப் போகும், இலையும் மண்ணும் விழும், ஓட்டறத விட துடைக்கறதுதான் அதிகமா இருக்கும். பேட்டரிதான் என் ஓட்டு. முதல் தடவைக்கு ரீசார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் ஏஏ செல் ஆறு, 7.2 வோல்ட் வரும். லித்தியம் போறவங்க 18650 அளவு செல் ரெண்ட சீரியல்ல போட்டா 7.4, ஆனா ப்ரொடெக்ஷன் போர்டு இல்லாம தொடவே கூடாது, சார்ஜரும் லித்தியத்துக்கானதா இருக்கணும். எதுவா இருந்தாலும் பேட்டரிக்கு ஒட்டினாப்ல ஒரு ஃப்யூஸ், அப்புறம் ஸ்விட்ச், சார்ஜிங் சாக்கெட். 2000 எம்ஏஎச் செல்லு, இஞ்சின் சராசரியா 0.4 ஆம்பியர் இழுத்தா கணக்குப்படி அஞ்சு மணி நேரம், நிஜத்துல கொஞ்சம் கம்மியா வரும். ஸ்பீட் கண்ட்ரோலர் வாங்கும்போது மோட்டார் சுத்தாம நின்னுட்டா எவ்வளவு ஆம்பியர் இழுக்குமோ அத தாங்கறதா பாத்து வாங்குங்க. மோட்டார் ரெண்டு முனைக்கும் குறுக்க 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒண்ணு சால்டர் பண்ணிருங்க, ரேடியோ தொந்தரவு குறையும். ரிமோட் சிக்னல வாங்கற ரிசீவரோட ஆண்டெனா பித்தளை டப்பாக்குள்ள அடைபடாம பாத்துக்கங்க, கேபின் கூரைய மட்டும் பிளாஸ்டிக்ல செஞ்சு அது அடியில ஒட்டிட்டா வேலை முடிஞ்சுது.

பாடிக்கு வருவோம். 0.7 மிமீ பித்தளை தகடு உறுதியானது, ஆனா அதுக்கு சின்ன சால்டரிங் அயர்ன் பத்தாது, தகடே சூட்ட இழுத்துரும், 80 வாட்ஸுக்கு மேல வேணும். சால்டர் பண்ணுன அன்னைக்கே ஃப்ளக்ஸ கழுவிருங்க, இல்லன்னா பச்சை பூத்துரும். சால்டரிங் பயமா இருந்தா 2 மிமீ ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட். கத்தியால கோடு கீறி மடக்குனா உடையும், சால்வென்ட் தடவி ஒட்டலாம், ரொம்ப சுலபம். ஆனா ரெண்டு ஷீட்ட முழுப்பரப்புல ஒண்ணா ஒட்டுனா சால்வென்ட் ஆவி உள்ள மாட்டிக்கிட்டு போகப் போக வளையும், ஒரு லேயர்ல அங்கங்க சின்ன ஓட்டை போட்டு விடுங்க. 3டி பிரிண்டர் வெச்சிருக்கவங்க பிஎல்ஏ பிளாஸ்டிக்ல பிரிண்ட் பண்ணாதீங்க, அது 60 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிக்கும், கருப்பு பெயின்ட் அடிச்சு வெயில்ல நிறுத்துனா கூரை தொங்கிரும். ஏஎஸ்ஏ பிளாஸ்டிக்னா பரவாயில்ல.

ரிவெட்டுக்கு நிறைய வழி இருக்கு, மெல்லிசு தகட்ட பின்னாடியிருந்து மழுங்குன ஊசியால தட்டி எழுப்பலாம், இல்ல குண்டூசி தலைய வெட்டி ஒட்டலாம். பென்சில்ல கோடு போட்டு டிவைடரால இடைவெளி குறிச்சுக்கங்க, ஒண்ணு தள்ளிப்போனாலும் பெயின்ட் அடிச்சப்புறம் அது மட்டும்தான் கண்ணுல படும்.

எடை கூடக்கூட இழுவையும் கூடும். உள்ள இருக்குற காலி இடத்துல ஈயத்த அடைங்க, ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல பாரம் விழற மாதிரி. வெள்ளை பெவிகால் மாதிரி பசையில ஈயத்த ஒட்டவே கூடாது, ரெண்டும் வினை புரிஞ்சு ஈயம் உப்பி பாடியவே பிளக்கும், எபாக்ஸிதான் போடணும். ஈயத்த தொட்டுட்டு கைய நல்லா கழுவுங்க. கப்ளிங் (பெட்டிய மாட்டற கொக்கி) உயரம் உங்க பெட்டிங்களோட உயரத்துக்கு பொருந்தணும், இத பெயின்ட்டுக்கு முன்னாடியே சோதிச்சுருங்க. அடியில ரெயிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல 5 மிமீயாவது இடம் வேணும், கியருக்கு கீழ ஒரு மூடி போட்டா மண்ணு ஏறாது.

பெயின்ட்டுக்கு முன்னாடி சோப்பு தண்ணில கழுவி காய வைங்க, அப்புறம் வெறும் கையால தொடாதீங்க. பித்தளைக்கு எட்ச் ப்ரைமர் (உலோகத்த கவ்விப் பிடிக்கற முதல் கோட்), மேல மெல்லிசா ரெண்டு மூணு கோட், கடைசியா மேட் வார்னிஷ்.

முதல்ல பெட்டி எதுவும் மாட்டாம முன்னாடி அரை மணி நேரம், பின்னாடி அரை மணி நேரம் மெதுவா ஓட விடுங்க, மோட்டார தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாத சூடுன்னா எங்கயோ பிடிக்குதுன்னு அர்த்தம். அது முடிஞ்சதும் ஒவ்வொரு பெட்டியா சேருங்க. சக்கரத்தையும் ஸ்ப்ராக்கெட்டையும் (செயின் மாட்டற பல் சக்கரம்) பிடிச்சிருக்குற குட்டி ஸ்க்ரூங்க இந்த முதல் ஓட்டத்துலதான் தளரும், கழட்டி துளி லாக்டைட் (ஸ்க்ரூ தளராம பிடிக்கற பசை) விட்டு திரும்ப முடுக்கிட்டு, ஆக்ஸிலுக்கு ஒரு சொட்டு எண்ணெய், கியருக்கு கொஞ்சம் க்ரீஸ் வெச்சு மூடிய போட்டுருங்க.