உதவியாளர் உதவித்தொகை மனுவுக்கு 7 நாள் நேரக் கணக்கு எழுதுவது எப்படி?

மாற்றுத்திறனாளிக்கு அன்றாட வேலைகளில் உதவும் ஆளுக்கான மாத உதவித்தொகை கேட்டு மனு போடுகிறீர்கள். யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டை), ஆதார், பாஸ்புக் நகல் எல்லாம் தயாராக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மனு பலவீனமாவது வேறொரு இடத்தில். அட்டையில் உள்ள "குறைபாடு 80 சதவீதம்" என்ற எண், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆள் வேண்டும் என்பதைச் சொல்லாது. அதை நீங்கள்தான் எழுதிக் காட்ட வேண்டும்.

ஒரு நீள நோட்டு வாங்கி, பேனாவைக் கயிற்றில் கட்டிக் கட்டில் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். மொபைல் ஆப் வேண்டாம். ஈரக் கையோடும் கையுறையோடும் போனை எடுக்க முடியாது, ராத்திரி மறந்தே போகும். நான்கு கட்டம் போதும்: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வேலை, எத்தனை பேர்.

7 நாளும் விடாமல் எழுதுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்த நாளையும் விடாதீர்கள். "எல்லாவற்றுக்கும் உதவி தேவை" என்ற ஒற்றை வரியை வைத்து யாராலும் எதையும் மதிப்பிட முடியாது.

அடுத்து கூட்டல். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கழுத்துத் தண்டுவடம் பாதித்த ஒருவரின் சாதாரண நாள் இப்படி இருக்கலாம்:

மலம் கழிக்க வைக்க 50 நிமிடம். குளியல், உடை 60. மூன்று வேளை ஊட்ட 90. கதீட்டர் (சிறுநீர் வெளியேற்றும் குழாய்) போட்டு சிறுநீர் எடுக்க 5 தடவை, தலா 15, ஆக 75. கட்டிலுக்கும் வீல்சேருக்கும் தூக்கி மாற்ற 4 தடவை, தலா 10. இதற்கு இரண்டு பேர் வேண்டும், அதனால் 40 அல்ல, 80 என்று எழுதுங்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க இரவு 12, 2, 4 மணிக்குத் திருப்பிப் படுக்க வைக்க 30.

மொத்தம் 385 நிமிடம், அதாவது 6 மணி 25 நிமிடம். மாதத்துக்கு 192 மணி நேரத்துக்கு மேல். தமிழக அரசு உதவியாளருக்குத் தரும் மாதம் 1,000 ரூபாயை இந்த மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 5 ரூபாய் சொச்சம்தான் வருகிறது. ஆள் வைக்க இது எந்த ஊரிலும் போதாது. இந்தக் கணக்கை மனுவின் கடைசிப் பத்தியில் அப்படியே எழுதுங்கள்; தொகை ஏன் உயர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இரவு வேலைக்கு நிமிடத்தோடு மணியையும் குறிப்பது முக்கியம். வெறும் 30 நிமிடம் என்றால் சின்ன வேலையாகத் தெரியும். 12, 2, 4 என்று பார்த்தால்தான், பராமரிக்கும் ஆள் எங்கும் போக முடியாது, தொடர்ந்து தூங்கவும் முடியாது என்பது புரியும்.

அம்மாவோ மனைவியோ செய்வதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். கூலி வாங்காத வேலை என்பதால் அது வேலை இல்லை என்றாகிவிடாது.

மனுவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 38 என்று குறிப்பிடுங்கள். உயர் ஆதரவு, அதாவது அன்றாட வேலைகளுக்கே தீவிர உதவி, தேவைப்படுபவர் சார்பில் இன்னொருவரோ ஓர் அமைப்போ விண்ணப்பிக்கவும் அது இடம் தருகிறது. பராமரிப்பாளர் உதவித்தொகையைப் பற்றிச் சொல்வது பிரிவு 24. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நோட்டின் நகலை மட்டும் கொடுத்து, தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

பின்சேர்க்கை: அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களின் வீட்டில் இந்த நான்கு கட்டம் போதாது. அவரே குளிப்பார், அவரே சாப்பிடுவார்; ஆனால் அடுப்பைப் பற்றவைத்துவிடுவார், கேட்டைத் திறந்து சாலைக்கு இறங்கிவிடுவார். "கண்காணிப்பு" என்று ஐந்தாவது கட்டம் போட்டு, பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டிய நேரத்தைத் தனியாகக் கூட்டுங்கள். நேரடியாக உதவி செய்யும் நேரத்தோடு கலந்தால் ஒரே மணி நேரம் இரண்டு தடவை எண்ணப்பட்டு, மொத்தக் கணக்கின் மீதே சந்தேகம் வந்துவிடும்.