லாரி டிஃபரன்ஷியல் சத்தம் போடுகிறதா? கழற்றும் முன்னும் பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலிருந்து தேனிப் பக்கம் லோடு அடிக்கிற வண்டிகளின் பின் ஆக்ஸில் எப்படி இருக்கிறது என்பதை ஆண்டிபட்டி கணவாய் காட்டிக் கொடுத்துவிடும். ஏற்றத்தில் இழுக்கும்போது பின்னாலிருந்து ஓர் ஊளை, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் வேறு விதமாக ஓர் ஊளை. ஊர் திரும்பியதும் டிரைவர் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, கிரவுன் போயிருச்சு." பின் ஆக்ஸிலின் நடுவில் இருந்து, இன்ஜின் சுழற்சியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல். அதில் உள்ள பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுழற்றும் சின்னது பினியன். மறுநாளே கேரியரை (இவற்றைத் தாங்கும் கூட்டை) இறக்கி, கிரவுன் பினியன் செட் புதிதாக மாட்டிவிடுகிறார்கள். சில மாதத்தில் அதே ஊளை திரும்ப வருகிறது. செட்டுக்குக் கொடுத்த பணம், வண்டி நின்ற நாட்களின் வாடகை, நிற்காமல் ஓடும் தவணை எல்லாம் சேர்ந்து ஓனரைப் படுக்க வைத்துவிடும். பல் தேய்ந்தது உண்மையாகவே இருக்கலாம். அது ஏன் தேய்ந்தது என்று யாரும் பார்க்காமல் விட்டதுதான் பிரச்சினை.

முதல் தவறு, சத்தத்தைப் பிரித்துக் கேட்காமல் ஸ்பேனரை எடுப்பது. கப்பலூர் தாண்டி நான்கு வழிச் சாலையில், நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்து, மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். இழுக்கும்போது மட்டும் ஊளை என்றால், கிரவுன் பினியன் பற்களின் இழுவைப் பக்கம் தேய்ந்திருக்கலாம், அல்லது செட்டிங் (இரண்டு பல்லும் ஒன்றோடொன்று பொருந்தும் அளவு) தவறியிருக்கலாம். ஆக்சிலேட்டரை விட்டதும் வரும் ஊளைக்குப் பினியன் பேரிங் லூஸையோ பல் இடைவெளியையோ சந்தேகப்படலாம். இழுத்தாலும் விட்டாலும் மாறாமல் ஒரே உறுமல், வேகத்தோடு மட்டும் கூடுகிறது என்றால் பேரிங். வளைவில் திரும்பும்போது மட்டும் கறகறவென்றால் உள்ளே இருக்கும் ஸ்டார் பினியனும் (திருப்பத்தில் இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் சின்னப் பல்சக்கரம்) அதன் வாஷர்களும். வண்டி லேசாக இடமும் வலமும் சாயும்போது சத்தம் கூடிக் குறைந்தால் வீல் பேரிங்கைப் பாருங்கள், டிஃபரன்ஷியல் பக்கம் போகவே வேண்டாம். தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறியதும் சத்தம் மாறினால் அது டயர். கட்டை கட்டையான பட்டன் வைத்த டயர்கள் அச்சு அசலாக டிஃபரன்ஷியல் மாதிரியே ஊளையிடும். கிளம்பும்போது 'டொக்' என்று ஓர் அடி விழுந்தால் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சி கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யூ.ஜே. கிராஸ் (மடங்கும் மூட்டு), ஸ்லிப் ஜாயின்ட் (நீண்டு சுருங்கும் மூட்டு), சென்டர் பேரிங் மூன்றையும் கையால் ஆட்டிப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

'டிக் டிக்' என்று தாளம் போட்டு வரும் சத்தத்தை எண்ணிப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடலாம். கிரவுனில் 41 பல், பினியனில் 7 பல் என்று வைத்துக்கொள்வோம். கிரவுன் ஒரு சுற்று சுற்றினால் பினியன் கிட்டத்தட்ட 6 சுற்று (5.86) சுற்றும். வண்டி நேராக உருளும்போது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு 'டிக்' வந்தால் கிரவுனில் ஒரு பல் உடைந்திருக்கிறது, ஆறு முறை வந்தால் கோளாறு பினியனில். நியூட்ரலில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றி எண்ணும்போது கணக்கு மாறும். மறுபக்கச் சக்கரம் தரையில் நிற்பதால் கிரவுன் அரைச் சுற்றுதான் சுற்றும், பினியன் ஏறக்குறைய 3 சுற்று. இதை மறந்தால் பினியனில் இருக்கும் கோளாறைத் தேடி கிரவுனைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது ஆயிலைப் பார்க்காமல் சாக்கடையில் ஊற்றுவது. இது எனக்குக் கோபமே வரவைக்கும் பழக்கம். வண்டி ஓடி வந்த சூட்டோடு, சுத்தமான தட்டில் இறக்குங்கள். டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம், பயப்பட வேண்டாம். விரலில் தேய்த்தால் நெருடுகிற மினுமினுப்பான செதில்கள் பேரிங்கிலிருந்தோ பல்லின் மேற்பரப்பிலிருந்தோ உரிந்தவை. மூலையுள்ள துண்டு கிடைத்தால் பல் உடைந்துவிட்டது, இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வைகைத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போதோ, மழையில் ரயில்வே சப்வேயிலோ சூடான ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் (காற்றுத் துவாரம்) வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்படி முங்கிய வண்டிக்கு அந்த வாரமே ஆயில் மாற்றினால் பேரிங் தப்பிக்கும்.

அந்தப் பிரீதரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹவுசிங்கின் மேல் கட்டைவிரல் பருமனுக்கு இருக்கும் சின்ன மூடி அது. கண்மாயில் சவுடு மண் அள்ளுகிற டிப்பர்களில் அது மண்ணப்பிக் கல்லாகக் கிடக்கும். ஓட்டத்தில் ஆயிலும் காற்றும் சூடாகி விரிகிறபோது வெளியேற வழி இல்லாமல், பினியன் சீலையும் ஹப் சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் ஒழுகும். ஆயில் குறைந்து பல் எரிவது ஒரு பக்கம். ஹப்பில் ஒழுகிய ஆயில் பிரேக் லைனிங்கில் ஏறி, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவது அதைவிடப் பயங்கரம். சீலை மட்டும் திரும்பத் திரும்ப மாற்றுகிறவர்கள், பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவி ஊதிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பினியன் ஃபிளாஞ்சில் (புரொப்பல்லர் ஷாஃப்ட்டை மாட்டும் தட்டு) சீல் உதடு உரசும் இடத்தில் நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், புது சீலும் நிற்காது.

ஆயில் விஷயத்தில் 'கியர் ஆயில்னா எல்லாம் ஒண்ணுதானே' என்ற பேச்சு இன்னும் ஓடுகிறது. ஹைபாய்டு என்ற வகைப் பல்லில் பினியன், கிரவுனின் நடுக்கோட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். பற்கள் உருளுவதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதா ஆயில் படலம் கிழிந்துவிடும் என்பதால்தான் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் கூடிய ஜி.எல்.5 ஆயில். 80டபிள்யூ-90 ஊற்றுவதா 85டபிள்யூ-140 ஊற்றுவதா (இவை ஆயிலின் கெட்டித்தன்மை எண்கள்) என்பதை உங்கள் வண்டியின் மேனுவல் சொல்லும். மிச்சமான ஜி.எல்.5-ஐ அப்படியே கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். சில கியர்பாக்ஸ்களின் பித்தளை சிங்க்ரோனைசரை (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) அது அரிக்கும்.

கழற்றும் வேலையில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு தவறு உண்டு. "கியர்ல போட்டுத்தான் நிறுத்தியிருக்கேன்" என்பார்கள். ஆக்ஸில் ஷாஃப்ட்டை உருவிய நிமிடமே கியருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். வண்டிக்கு அடியில் ஆள் படுத்திருப்பார், பட்டறை வாசல் கொஞ்சம் சரிவாக இருக்கும். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் ஒரு நட்டைக்கூடத் தளர்த்தக் கூடாது. கேரியரையும் தோளில் தாங்கி இறக்க வேண்டாம், ஜாக்கியில் இறக்குங்கள்.

கேரியர் மேஜைக்கு வந்த பிறகு நடக்கும் தவறுகள் கண்ணுக்குத் தெரியாது, காசைத் தின்பவை அவைதான். சைடு பேரிங் கேப்களுக்கு (கிரவுனின் இருபுறப் பேரிங்குகளைப் பிடிக்கும் மூடிகள்) இடது வலது அடையாளம் குத்தாமல் கழற்றுகிறார்கள். அவை கேரியரோடு சேர்த்துக் கடைந்தவை, மாறினால் பேரிங் நேராக உட்காராது. கிரவுனையும் பினியனையும் தொழிற்சாலையில் ஜோடியாகவே உரசி எடுத்து, ஒரே எண் பொறித்து அனுப்புகிறார்கள். செலவு குறையும் என்று பினியனை மட்டும் புதிதாகப் போட்டால் முதல் நாளே ஊளையிடும். இரண்டு ஆக்ஸிலும் இழுக்கிற டிப்பர் என்றால் இரண்டிலும் பல் கணக்கு ஒன்றாகவே இருக்க வேண்டும்.

செட்டிங்கில் 'கைப் பழக்கம் போதும்' என்பதை நான் ஏற்கவே மாட்டேன். பினியன் பேரிங்கின் இறுக்கத்தை ஃபிளாஞ்சில் கயிறு சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்க்க வேண்டும். பல் இடைவெளியை டயல் கேஜ் வைத்து, கிரவுனைச் சுற்றிச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் பார்க்க வேண்டும். பெரிய வண்டிகளில் அது பெரும்பாலும் 0.20 முதல் 0.45 மி.மீ.க்குள் வரும், உங்கள் மாடலுக்கு மேனுவலில் உள்ள அளவுதான் சரி. இடத்துக்கு இடம் அதிகம் மாறினால் கிரவுன் நெளிந்திருக்கிறது, அல்லது அதன் அடியில் அழுக்கு மாட்டியிருக்கிறது. பிறகு சில பற்களில் மார்க்கிங் மை தடவி, கிரவுனைக் கொஞ்சம் பிடித்து எதிர்ப்புக் கொடுத்தபடி சுற்றிப் பாருங்கள். மையின் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். பல் நுனிப் பக்கம் ஏறி விழுந்தால் பினியன் கிரவுனிலிருந்து தள்ளி நிற்கிறது, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றி உள்ளே கொண்டுவர வேண்டும். வேர்ப் பக்கம் இறங்கினால் அதற்கு நேர்மாறு. நேரம் பிடிக்கிற வேலைதான். ஆனால் ஷிம்மைத் தொடாமல் பழையதையே திரும்பப் போட்டு மூடினால், புதுப் பல் பழைய செட்டிங்கில் அரைபடத் தொடங்கும். மூடும் முன் ஹவுசிங் குழாய்களைத் துணி விட்டுத் துடைத்தெடுங்கள், பழைய பேரிங்கின் ஒரு சில்லு மிச்சம் இருந்தாலும் புது பேரிங்குக்கு ஆபத்து.

இனி காரணத்துக்கு வருவோம். உள்ளே ஸ்டார் பினியன் அதன் கம்பியோடு ஒட்டிக் கருகியிருந்தால், சேற்றில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுழல டிரைவர் முறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். டிஃப் லாக் (இரு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் வசதி) இருந்தால் வண்டியை நிறுத்திப் போட்டு, மெதுவாக நேராக வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும். தார் ரோட்டில் லாக்கோடு திரும்பினால் ஷாஃப்ட் முறியும். வாஷர்கள் சீக்கிரம் தேய்ந்தால் பின் டயர்களை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் புது ரீட்ரெட், மறுபக்கம் வழுக்கை என்றால் நேர் ரோட்டிலும் உள்ளே ஸ்டார் பினியன் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே பக்கத்து ஆக்ஸில் ஷாஃப்ட் மறுபடி மறுபடி முறிந்தால் ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்ஸிலுக்கு 2018-ல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக அனுமதியை உயர்த்தினார்கள். அதற்கு முன் செய்த ஆக்ஸில், வயதான ஸ்பிரிங் என்று இருக்கிற வண்டிக்கு அந்த உயர்வு பொருந்துமா என்று யோசிக்காமல் ஜல்லியைக் குவிக்காதீர்கள்.

புது செட் போட்ட வண்டியை மறுநாளே முழு லோடோடு குமுளி மலைக்கு அனுப்புவதும் தவறுதான். முதலில் பாதி லோடில், சமதரையில், இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு ஓட்டுங்கள். நிறுத்தும்போது ஹவுசிங்கின் பினியன் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கம் கூடியிருக்கிறது. முதல் ஆயிலை வழக்கமான கெடுவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். அதை இறக்கும்போதும் தட்டில்தான் இறக்க வேண்டும், காந்தத்தைத் துடைக்கும் முன் வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.